இரண்டு துவக்கு

என் எசமான் ஒனொரேவொலே கார்மெலோ ஸ்கலாபெல்லி கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் பேச்சுப் பழகுவார். சிசிலித் தீவுக்கென்று பலெர்மோவில் தனியாக ஒரு சட்டசபை இருக்கிறது. அதில் இருப்பவர்களை ஒனொரேவொலே என்று கூப்பிட வேண்டும். மாண்புமிகு என்று அர்த்தமாம். அந்த மாண்பு எவ்வளவு மிகுந்து கிடந்தது என்று ஆறு வருடமாக அவருடைய சட்டைகளைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய கிளறா என்கிற என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு தாய்தான் பள்ளிக்கூடம்! அரசாங்கம் ஆயா அல்ல!" என்று அவர் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்துவார்.

தாய் அவருக்குப் பின்னால் நின்று அடுத்த சட்டையின் கொலரை மினுக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாயின் ஏழு வயது மகள் றெஜி, குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், ஸ்டூலில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேரையும் கடந்துதான் அவர் தினமும் கோப்பி குடிக்கப் போவார். கண்ணுக்கு முன்னால் இருப்பது கண்ணில் படாமல் போவதற்கும் ஒரு படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

றெஜி அந்த ஸ்டூலில் இருந்ததற்கும் அந்தப் பேச்சுத்தான் காரணம். பலெர்மோவின் கால்சாப் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு பின்னேரப் பள்ளிக்கூடம் நடந்தது. ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஒரு ரீச்சர், முப்பது பிள்ளைகள். பாதி எங்கள் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள், பாதி இந்த ஊர் மீன்காரர், தச்சர், வேலை தேடித் திரிகிறவர்களின் பிள்ளைகள். ஆனி மாதத்தோடு அதற்கு வரும் காசு நின்றது. கதவில் பெரிய பூட்டு விழுந்தது. எனக்கு வேலை நாலரை மணிவரை. என் மனுசன் அலோசியஸ் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன்சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டுக் கடைசிப் பஸ்ஸில்தான் வருவார். பிள்ளையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? சிஞ்ஞோரா ரொசெத்தா, ஒனொரேவொலேயின் மனைவி, "குசினியில் இருக்கட்டும்" என்று சொன்னது அவருடைய நல்ல மனது. அந்த ஸ்டூலும் இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும். வேலை போனால் பெர்மெசோவும் போகும். விசாக் காகிதத்துக்கு இஞ்சை அதுதான் பேர்.

அவருக்கு இன்னொரு பேச்சும் இருந்தது. அது துவக்கைப் பற்றியது. துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். அந்த வருடம், தொண்ணூற்றாறு, சபையில் வேட்டைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் கத்தானியாப் பக்கத்துப் பெண் உறுப்பினர் ஒருவர் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். வேட்டைக்காரர் வீட்டில் துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவை வேறு இடத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வேட்டை அனுமதி பறிபோகும். அவ்வளவுதான். எங்கள் ஒனொரேவொலே அதற்குக் கொதித்தார். "துவக்குச் சட்டம் ரோமின் வேலை! நேர்மையான வேட்டைக்காரனைத் திருடன் மாதிரி நடத்தாதே! என் வீட்டுச் சுவரில் என் தகப்பனின் துவக்குத் தொங்குகிறது. முப்பது வருடமாக அது ஒரு ஈயைக்கூடக் கடித்ததில்லை!"

அவருக்கு வாக்குப் போடுகிறவர்களில் பாதிப்பேர் வேட்டைக்காரர். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் பல்கணி கழுவிக்கொண்டிருந்தேன். றெஜி வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அம்மாவுக்கு உதவி செய்ய நினைத்திருக்கிறாள். தூசித் துணியை எடுத்துக்கொண்டு ஒனொரேவொலேயின் வாசிப்பறைக்குள் போய், கதிரையில் ஏறி, சுவரில் தொங்கிய துவக்கைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். நான் மேசையைத் துடைப்பது போலவே, விரலை ஒவ்வொரு இடுக்குக்குள்ளும் விட்டு.

ஒனொரேவொலே போட்ட சத்தத்தில் நான் ஈரக்காலோடு ஓடினேன். அவர் பிள்ளையை இறக்கிவிட்டுத் துவக்கை எடுத்து, அதன் இரட்டைக் குழலை மடித்துத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சிவப்புத் தோட்டா நிலத்தில் விழுந்து உருண்டு, என் காலடியில் வந்து நின்றது.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. என்னுடையதிலும் இருந்திருக்காது. பிறகு அவர் குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் மினுக்கிய சட்டை.

"திங்கட்கிழமையிலிருந்து பிள்ளையை இங்கே கூட்டிவராதே" என்றார். "பிள்ளைக்கு ஒழுக்கம் பழக்கு."

நான் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குசினிக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னில் எனக்கே கோபம் வருகிறது. சிஞ்ஞோரா அப்போது கடைக்குப் போயிருந்தார். பிள்ளை துவக்கைத் தொட்டதாக மட்டும் அவரிடம் சொல்லப்பட்டது. தோட்டாவைப் பற்றிய பேச்சே இல்லை.

அடுத்த கிழமை முழுக்க நான் ஒரு மணிக்கு ஓடிப் போய் றெஜியைக் கூட்டிவந்து, எங்கள் ஒற்றை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனேன். அடுப்பைத் தொடாதே, ஆர் தட்டினாலும் பதில் சொல்லாதே. ஒன்றரையிலிருந்து நாலே முக்கால்வரை. வியாழக்கிழமை நான் வந்து கதவைத் திறந்தபோது அவள் யன்னலுக்குக் கீழே தன் பொம்மையை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யிறாய்?"

"இவ ஒழுக்கமில்லாத பிள்ளை. பூட்டி வைக்கிறன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. தோட்டாப் போட்ட துவக்குச் சுவரில் பூட்டில்லாமல் தொங்குகிறது, ஏழு வயதுப் பிள்ளையை நான் பூட்டி வைக்கிறேன்! மன்னாரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் துவக்குக்காரர் குடிவந்தபோது நாங்கள் இருந்து படித்த வாங்குகளைத் தூக்கி மழைக்குள் எறிந்தார்கள். அன்றைக்கு நான் ஒன்பதாம் வகுப்பு. அதற்குப் பிறகு எனக்குப் பத்தாம் வகுப்பு வரவேயில்லை. இஞ்சை வந்தும் அதே கதையா? மாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தாய்மாரைக் கூட்டினேன். புனிதமலர் வந்தா. இரண்டு சிசிலிக்காரப் பெண்கள் வந்தார்கள். சைவக்காரியான யோகாம்பாள் அக்கா பகேரியாவிலிருந்து ரெயில் ஏறி வந்தா. அங்கே அறை மலிவென்று இருக்கிறா, மாடிப்படி கழுவும் வேலையும் இளையவனின் பள்ளிக்கூடமும் கால்சாவில்தான். பள்ளிக்கூடக் காசும் வேட்டைச் சட்டமும் வருகிற செவ்வாய் போக அடுத்த செவ்வாய்க்கிழமை வாக்குக்கு வருகின்றன. அதற்கு முந்திய புதன்கிழமை, சபை கூடும் அரண்மனை வாசலில் போய் நிற்பதென்று தீர்மானித்தோம்.

"என்னத்தை எழுதிப் பிடிக்கிறது?" என்று கேட்டா யோகாம்பாள் அக்கா. ஒரு பழைய கட்டில் விரிப்பை அவதான் கொண்டுவந்திருந்தா.

என் மனதில் அது வியாழக்கிழமையே தயாராகிவிட்டிருந்தது. "பள்ளிக்கூடத்தைத் துவக்கு! துவக்கைப் பூட்டு!"

எல்லாரும் கைதட்டினார்கள். சாதாரணமாக நாங்கள் 'தொடங்கு' என்றுதான் கதைப்போம். துவக்கு என்று போட்டது என் கொழுப்பு. அடுத்த வரியோடு நன்றாகச் சேர்ந்து விழுந்தது, எனக்கே பெருமையாயிருந்தது.

"நீட்டாய்க் கிடக்கு, கிளறா. விரிப்புக் காணாது. கீழை இத்தாலியனும் எழுத வேணுமெல்லே," என்றா அக்கா.

சரியென்று சுருக்கினோம். 'பள்ளிக்கூடம் துவக்கு. துவக்கு பூட்டு.' விரிப்பில் அளவாகப் பொருந்தியது. அதன் கீழே இத்தாலியனில் எழுதும் வேலையை அக்கா தன் மூத்த மகள் நிரோசினியிடம் கொடுப்பதாகச் சொல்லிச் சுருட்டிக்கொண்டு போனா. நிரோசினிக்குப் பதினேழு வயது. ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்தவள். இத்தாலியன் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

புதன்கிழமை நான் வேலைக்கு வரமாட்டேன் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டுப் போய் அரண்மனை வாசலில் நின்றேன். இருபது தாய்மார், பிள்ளைகள். விரிப்பைப் பிரித்துப் பிடித்தோம். தமிழ் எழுத்து அழகாக இருந்தது. கீழே இருந்த இத்தாலியன் எழுத்தும் அழகாகத்தான் இருந்தது. நான் இத்தாலியன் கதைப்பேன், வாசிக்கத் தெரியாது. போகிற வருகிற சனம் நின்று வாசித்தது. சிலர் சிலுவை போட்டார்கள். ஒரு கிழவர் பிள்ளைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். எங்கள் துயரம் சனத்துக்கு விளங்குகிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பொலிஸ் பெரியவர் ஒருவர் விறுவிறென்று வந்தார். "எந்தப் பள்ளிக்கூடம்?"

"கால்சாப் பள்ளிக்கூடம்!" என்றேன்.

"உள்ளேயா? துவக்குகளா?"

துவக்கைப் பூட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "ஓம் சிஞ்ஞோர், ஓம்! பூட்ட வேணும்!"

அவர் வானொலிப் பெட்டியில் கத்தினார். இரண்டு ஜீப் வந்தது. நாங்கள் மெய்சிலிர்த்துப் போனோம். சபைக்காரர் பத்து வருடத்தில் செய்யாததைப் பொலிஸ் பத்து நிமிடத்தில் செய்கிறது என்று புனிதமலர் செபமாலையை எடுத்துவிட்டா. அந்த நேரத்தில்தான் நிரோசினி பள்ளிக்கூடம் முடிந்து, புத்தகப் பையோடு எங்களைத் தேடி வந்து சேர்ந்தாள்.

"பிள்ளை, நீ என்னத்தை எழுதினனி?" என்று கேட்டேன்.

"நீங்கள் எழுதினதைத்தான் அன்ரி. பள்ளிக்கூடம், துவக்கு, துவக்கு, பூட்டு. துவக்கு ரெண்டு தரம் வந்தது, கனக்கத் துவக்காக்கும் எண்டு நினைச்சன். 'பள்ளிக்கூடத்திலை இருக்கிற துவக்குகளைப் பூட்டுங்கோ' எண்டு எழுதினன். பிழையா?"

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை. யோகாம்பாள் அக்கா மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தா. அந்தப் பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. பிழை அவளுடையதா? வீட்டில் துவக்கு என்றால் ஊரில் யாரைச் சுட்டார்கள், எங்கே சுட்டார்கள் என்ற கதை மட்டுந்தானே அவள் காதில் விழுந்திருக்கிறது. துவக்கு என்றால் ஆரம்பிப்பது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

நாங்கள் கால்சாவுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பொலிஸ் பூட்டை வெட்டிக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. பத்திரிகைக்காரர் ஒருவரும் படக்கருவியோடு நின்றார். உள்ளே முப்பது சின்னக் கதிரைகள் வரிசையாக இருந்தன. கரும்பலகை. வெண்கட்டிப் பெட்டி. குளிருக்கு ஒரு ஹீற்றர். பெட்டிக்குள் துவக்கு இருக்குமென்று ஒரு பொலிஸ்காரர் திறந்தார். வர்ணப் பென்சில்கள் கொட்டுண்டன. பிள்ளைகள் கேட்டுப் பார்க்கவில்லை. உள்ளே ஓடிப் போய் அவரவர் கதிரையில் இருந்துகொண்டார்கள். அதைத்தான் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

பொலிஸ் பெரியவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. பொய் எச்சரிக்கைக்கு வழக்கு வைக்கலாம் என்று சொல்லி என் பெயரையும் பெர்மெசோ நம்பரையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. 'துவக்கைத் தேடினார்கள், பள்ளிக்கூடத்தைக் கண்டார்கள்' என்று தலைப்பு. பத்திரிகைக் கடைக்காரர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். அதற்குக் கீழே எங்கள் ஒனொரேவொலே முந்தியநாள் தொலைக்காட்சியில் சொன்னதைப் போட்டிருந்தார்கள்: 'கூரை இடிந்த மண்டபத்துக்கு ஏன் மக்கள் பணத்தைக் கொட்ட வேண்டும்?' மனுசன் அந்தக் கூரையை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

நான் வேலைக்குப் போனேன். போகாமல் ஒளிந்திருக்க நான் என்ன குற்றம் செய்தேன்? ஒரு மணிக்குப் போய் றெஜியை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்ததும் ஒனொரேவொலே என்னை வாசிப்பறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பத்திரிகை, பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். சுவரில் துவக்கு அதே இடத்தில் தொங்கியது. இனி நடந்தது இத்தாலியனில். அவருடைய இத்தாலியன் திறம். என்னுடையதை நான் தமிழில் எழுதும்போது கொஞ்சம் திருத்தமாகத்தான் தெரியும்.

"உட்கார், கிளறா," என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவை. நான் இருக்கவில்லை.

"அந்தச் சொல்லை விசாரித்தேன். உங்கள் மொழியில் அதற்கு ஆரம்பி என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதாமே. மொழிபெயர்ப்புப் பிழை. நல்லது. இதில் அதைத்தான் எழுதியிருக்கிறது. 'நாங்கள் எழுதியது ஆரம்பி, ஆரம்பி என்பதே. பள்ளிக்கூடத்தை மட்டுமே கேட்டோம். ஆயுதங்களைப் பற்றி எங்களுக்கு எந்தக் கருத்தும் இல்லை.' கையெழுத்துப் போடு. நான் பள்ளிக்கூடக் காசுக்கு ஆதரவாக வாக்குப் போடுகிறேன். என்னோடு எட்டுப் பேர் போடுவார்கள். பொலிஸ் வழக்கையும் பார்த்துக்கொள்கிறேன். உன் காகிதங்களுக்கு ஒன்றும் வராது."

பேனையை என் பக்கம் தள்ளினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்தப் பேனையை எடுத்தேன். றெஜி பூட்டிய அறைக்குள் இருந்தாள். என் ஒரு கையெழுத்தில் அவளுக்குக் கதவு திறக்கும், எனக்கு வேலை நிற்கும், பெர்மெசோ நிற்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது, ஒன்றை விட்டால் என்ன குடியா முழுகிவிடும்? எங்கள் ஊர்க்காரர் எவ்வளவு பெரிய காரியங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த மனுசன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சுவரில் தொங்குவதை என் வாயாலேயே இல்லை என்று சொல்லவைக்கப் பார்க்கிறார். அந்தத் தோட்டா உருண்டு வந்து நின்றது என் காலடியில். அதைப் பார்க்காதவள் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நான் பேனையைத் திருப்பி வைத்தேன்.

"சிஞ்ஞோர், அதிலை ரெண்டு துவக்கு. முதலாவது ஆரம்பி. அது பிழையாய் எழுதுப்பட்டது உண்மை. ரெண்டாவது அதுதான்." கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன். "அதிலை ஒரு பிழையும் இல்லை. பூட்டுங்கோ எண்டுதான் எழுதினனாங்கள்."

"பள்ளிக்கூடம் வேண்டாமா உனக்கு?"

"வேணும். அதையும் கேப்பன், இதையும் கேப்பன். ஒண்டைத் தந்து மற்றதை வாங்க இது சந்தை இல்லை. அண்டைக்கு என்ரை பிள்ளை இந்தத் துவக்கைத் துடைக்கேக்கை உள்ளுக்கு ஒரு தோட்டா இருந்தது. நீங்களும் பாத்தனீங்கள், நானும் பாத்தனான். பிறகு எனக்குக் கருத்து இல்லை எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

வாசலில் கோப்பித் தட்டு ஆடும் சத்தம் கேட்டது. சிஞ்ஞோரா ரொசெத்தா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"தோட்டா இருந்ததா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஒனொரேவொலே மேசையிலிருந்த பத்திரிகையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். சபையில் இரண்டு மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசுகிறவர்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என் பேரப்பிள்ளைகள் இந்த அறையில்தான் விளையாடுகிறார்கள், கார்மெலோ. இருந்ததா?"

உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். அவருக்கு எரிந்தது. "நீ போகலாம், கிளறா. இனி வர வேண்டாம்" என்றார். நான் ஏப்ரனைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இரண்டிரண்டு படியாக இறங்கினேன். வேலை போனாலும் றெஜியைப் பூட்டிய கதவைத் திறக்க அன்றைக்கு மத்தியானத்திலேயே வந்துவிட்டேன் என்று ஒரு சந்தோசமும் இருந்தது. பைத்தியச் சந்தோசம்தான்.

செவ்வாய்க்கிழமை சபையில் வாக்கெடுத்தார்கள். பத்திரிகைப் படத்துக்குப் பிறகு பின்னேரப் பள்ளிக்கூடத்துக்கு எதிராகக் கை உயர்த்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காசு வந்தது. துவக்கைப் பூட்டும் பிரிவு நாலு வாக்கால் தோற்றது. எங்கள் ஒனொரேவொலே எதிர்த்துத்தான் போட்டாராம். அடுத்த வருடம் திரும்பக் கொண்டுவருவேன் என்று அந்தக் கத்தானியாப் பெண் சொன்னதை வானொலியில் கேட்டேன். விரிப்பைத் தோய்த்து மடித்து வைக்கச் சொல்லி அன்றைக்கே யோகாம்பாள் அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை முழுதாக எழுத வேண்டும், விரிப்புக் காணாவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தைப்போம். பொலிஸ் வழக்கு வரவில்லை. பிள்ளைகள் கதிரையில் இருந்த படத்தைப் பெரியவர் தன் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை சிஞ்ஞோரா எங்கள் ஒழுங்கைக்கே வந்தார். கால்சா ஒழுங்கைக்குள் அந்தச் சப்பாத்தோடு நடப்பது லேசில்லை. என் கையில் ஒரு திறப்பை, புதுச் சாவி ஒன்றை, தந்தார்.

"இரும்பு அலுமாரி வாங்கினேன். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். என்னிடம் திறப்பு இருந்தால் அவர் கேட்பார், நான் கொடுத்துவிடுவேன். நாற்பது வருடப் பழக்கம். நீ வைத்திரு. நாளைக்கு எட்டு மணிக்கு வா."

"ஒனொரேவொலே ஓம் எண்டவரோ?"

"சபையில் அவருக்கு ஒரு வாக்கு. வீட்டில் ஒன்றும் இல்லை."

போனேன். அடுத்த வியாழக்கிழமை சபை கூடாத நாள். ஒனொரேவொலே வேட்டைச் சப்பாத்தோடு குசினி வாசலில் வந்து நின்றார். சிஞ்ஞோரா கோப்பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"கிளறா, திறப்பு."

"எங்கை போறியள் சிஞ்ஞோர்?"

அவர் சிஞ்ஞோராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மலைக்கு."

"எத்தினை மணிக்கு வருவியள்? நான் நாலரைக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகவேணும்."

நாலு மணிக்கு வந்துவிட்டார். முயலும் இல்லை, ஒன்றும் இல்லை. அலுமாரிக்கு முன்னால் என்னிடம் துவக்கை நீட்டப் போனார். நான் வாங்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் துவக்கை மடித்துத் திறந்து, தாழ்த்திப் பிடித்தார். நான் குனிந்து இரண்டு குழலுக்குள்ளும் பார்த்தேன். இரண்டிலும் அங்காலப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"சரி. இப்ப வையுங்கோ," என்றேன்.